இரண்டு மணிக்கு வருபவர்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் தி. நகரில், ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டாவது மாடியில் இருந்தது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அதைக் காலி செய்தபோது, மேஜை நாற்காலிகள் ஒரே காலையில் போய்விட்டன. கம்ப்யூட்டர்களை வாங்க வந்த ஆள்தான் நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுல இன்னா கீதும்மா? தூசிதான் கீது," என்றார் என்னிடம். அது நான் பல வருஷம் வேலை செய்த பெட்டி. காலடியில் இருக்கும். மார்கழிக் காலையில் அதன் பின்பக்கத்திலிருந்து வரும் சூட்டுக்காகப் பாதங்களை அதன் அருகே நகர்த்தி வைத்துக்கொள்வேன். அதை அவரிடம் சொல்ல முடியுமா? "ஆமா, தூசிதான்," என்றேன்.

ஆடிட்டர் சார் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "இனிமே பெட்டியே வேண்டாம். எல்லாம் மேல இருக்கு. அவாவா ஆத்துல உக்காந்துண்டே பண்ணலாம். இந்தக் கும்பல்ல அலைய வேண்டாம் பாருங்கோ."

'மேல' என்றபோது அவர் விரல் ஃபேனைக் காட்டியது. அவருடைய பையன்தான் விளக்கினான். அவனும் ஆடிட்டர், அப்பாவோடு தொழிலில் இருந்தான். "நம்ம டெஸ்க்டாப் எல்லாம் வேற ஏதோ ஊர்ல ஒரு பெரிய கட்டடத்துல ஓடும் மேடம். மாச வாடகை. உங்க லேப்டாப்ல ஒரு பாஸ்வேர்டு போட்டா அது தெரியும். லேப்டாப் வெறும் ஜன்னல். உள்ள ஒண்ணும் இருக்காது."

எனக்கு மந்தைவெளியில் ஒரு படுக்கையறை வீடு. கல்யாணம் என்று ஒன்று நடந்து, சில வருஷங்களில் கோர்ட்டில் முடிந்தது. அம்மா இருந்தவரை என்னோடு இருந்தாள். தம்பி பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு ஆபீஸ் என்பது சம்பளம் மட்டுமில்லை என்பது அது மூடின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆபீஸில் கரண்ட் போனால் யூபிஎஸ் கீ கீ என்று கத்தும். உடனே ஆறு பேரும் ஒரே குரலில் "சேவ்! சேவ்!" என்று கத்துவோம். யாராவது ஒருத்தர் சேவ் பண்ணாமல் மாட்டிக்கொள்வார். மற்றவர்கள் அவரை அன்று முழுவதும் விடமாட்டார்கள். வீட்டில் கரண்ட் போனால் அப்படி எதுவும் நடப்பதில்லை. மோடம் அணையும், திரை உறையும். கரண்ட் வந்ததும் பாஸ்வேர்டைப் போட்டால், நான் விட்ட அதே கட்டத்தில், விட்ட அதே எண்ணுக்குப் பக்கத்தில் கோடு சிமிட்டிக்கொண்டிருக்கும். எதுவும் தொலையாது. முதல் தடவை ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஒரு நாள், யூபிஎஸ் இல்லாத வீட்டில், இருட்டில் உட்கார்ந்துகொண்டு மெதுவாக "சேவ்" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

சில மாதங்களில் ஆடிட்டர் சாரின் பையன் போன் செய்தான். டெஸ்க்டாப் வாடகையை ஏற்றிவிட்டார்களாம். "ஆளுக்கு ஒண்ணுன்னு கட்டுப்படியாகல மேடம். உங்களுதை இன்னொருத்தரோட ஷேர் பண்ணிக்கணும். காலையில நீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அவர். பில் என்ட்ரிக்குப் புதுசா போட்டிருக்கோம். வேளச்சேரில இருக்கார். ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு."

"அவரை நான் பார்த்ததே இல்லையே."

"நானே போன்லதான் பேசினேன் மேடம்," என்றான்.

இப்படித்தான் முகம் தெரியாத ஒரு மனிதரும் நானும் ஒரே மேஜையில் வேலை செய்ய ஆரம்பித்தோம். மேஜை எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

முதல் வாரம் எரிச்சல்தான். காலையில் திறந்தால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும். அம்புக்குறி கறுப்பாக, கட்டைவிரல் தண்டிக்கு நிற்கும். கணக்குப் பக்கத்தில் பாதி கட்டங்கள் திரைக்கு வெளியே போயிருக்கும். செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். மறுநாள் காலை மறுபடி பெரிதாகியிருக்கும். பையனிடம் புகார் சொன்னேன். "சொல்றேன் மேடம்," என்றான். சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் போட்ட பதிவுகளைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் தரும் காகிதப் பில்களை அவர் வீட்டில் வைத்து ஸ்கேன் செய்து, கணக்கில் ஏற்றுவார். மறுநாள் காலை நான் அதை வரிக் கணக்கோடு ஒப்பிடுவேன். மனிதர் ஒழுங்கானவர். ஒவ்வொரு கடைக்கும் தனி ஃபோல்டர், ஒவ்வொரு பில்லுக்கும் தேதியோடு பெயர். அதிகம் படிக்காதவர்கள் எழுதிய கோணல் பில்லில்கூடப் பொருளின் பெயரைச் சரியாகப் பிடித்திருப்பார். ஆனால் எண்கள் தவறின. மூன்று, எட்டாகியிருந்தது. ஆறு, சைபராகியிருந்தது. கவனக்குறைவில் வரும் தவறு இப்படி இருக்காது. அது இங்கொன்றும் அங்கொன்றுமாக, எந்த எண்ணில் வேண்டுமானாலும் வரும். இது எப்போதும் வளைவு உள்ள எண்களில்தான் வந்தது.

அம்மாவின் கடைசி வருஷங்களில் அவள் காலண்டரில் மூன்றை எட்டு என்று படிப்பாள். அது நினைவுக்கு வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த மனிதருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து, எழுத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கிவிட்டு வேலை செய்கிறார். தினமும் காலையில் நான் அதைச் சிறியதாக்கி வைத்துவிட்டுப் போகிறேன். சின்ன எழுத்தில் அந்த செட்டிங்ஸைக் கண்டுபிடிப்பதற்கே அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அன்றிலிருந்து அளவை மாற்றவில்லை. அந்தப் பெரிய எழுத்திலேயே வேலை செய்யப் பழகினேன். திரையை அடிக்கடி நகர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எண்களில் வந்த தவறுகளை நானே திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். திருத்துவது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை. என் கையில் மிஞ்சிக் கிடந்த நேரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு நாள் வேலை இழுத்துக்கொண்டு போய் இரண்டு மணி தாண்டிவிட்டது. திடீரென்று திரை இருண்டது. வேறொருவர் இணைந்துவிட்டதால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. ஒரு கணம் திடுக்கிட்டேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இடித்துக்கொண்டு உட்காருவதுபோல, வந்து என்னை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்தும் நான் வெளியேறவில்லை. தட்டில் தயிர் சாதத்தைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குச் சற்று முன்பின்னாகத் திரை இருண்டது. "வாங்க," என்றேன் சத்தமாக. அதற்கப்புறம் அதுவே தினப்படி வழக்கமாகிவிட்டது. அவர் கொஞ்சம் தாமதமாக வந்தால், மழையா, ரயில் தாமதமா என்றெல்லாம் யோசிப்பேன். வீட்டிலிருந்து வேலை செய்கிற மனிதருக்கு ரயில் எதற்கு? அதெல்லாம் அப்போது தோன்றாது. காலையில் நன்றாகச் செய்த பதிவுகளைப் பார்த்தால், "நேத்திக்கு நல்லா பண்ணியிருக்கீங்க," என்பேன். வெண்டைக்காய் மலிவாகக் கிடைத்ததைச் சொல்வேன். பைத்தியம் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சில மாதங்களில் வீட்டில் என் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்கவில்லை.

எழுத்து மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நான் சிறியதாக்காமலே விட்டும், அவர் மேலும் பெரிதாக்கினார். பின்னணி கறுப்பாகி, எழுத்து வெள்ளையாகியது. ஒரு திரைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் தெரியவில்லை. திருத்த வேண்டிய எண்களும் கூடின.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. பையனிடம் போனில் சொன்னேன். "ரெஸ்ட் எடுங்க மேடம். இந்த வாரம் நானே பாத்துக்கறேன்," என்றான். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனார். லேப்டாப் மூடியே கிடந்தது. படுத்திருந்தபோது மத்தியான வேளைகளில் அவர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். தள்ளிவிட ஆள் இல்லாமல் நேராக உள்ளே போயிருப்பார்.

உடம்பு தேறித் திரும்ப வந்த அன்று, பையன் புதுப் பாஸ்வேர்டு ஒன்றை அனுப்பியிருந்தான். வழக்கமாக மாற்றுவதுதான் என்று நினைத்து அதைப் போட்டேன். எழுத்து நான் விட்ட அளவிலேயே இருந்தது. தயிர் சாதத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. திரை அப்படியே வெளிச்சமாக இருந்தது. சாயங்காலம் விளக்குப் போட எழுந்தபோதும் நான் உள்ளேதான் இருந்தேன். யாரும் தள்ளவில்லை. மறுநாளும் இல்லை.

பையனைக் கூப்பிட்டேன்.

"அவரை நிறுத்திட்டோம் மேடம். நீங்க லீவ்ல இருந்தப்போ என்ட்ரி எல்லாம் நான் செக் பண்ணேன். பக்கத்துக்குப் பக்கம் தப்பு. அப்பாகிட்ட காமிச்சேன், ரொம்ப டென்ஷன் ஆயிட்டார்."

"அவருக்குக் கண்ணு சரியில்லன்னு நெனைக்கிறேன்."

"அப்படியா? சொல்லவே இல்லையே. முன்னாடி எல்லாம் கரெக்டாத்தானே பண்ணிட்டிருந்தார்?"

"திரும்பக் கூப்பிட முடியாதா?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா ஒத்துக்க மாட்டார் மேடம். நம்மகிட்ட இருக்கறதெல்லாம் அடுத்தவங்க கணக்கு." அதில் தவறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு அவனே, "அவர்கிட்ட சில பில் கட்டு இருக்கு. கொரியர்ல போடச் சொல்லணும்," என்றான்.

"வேண்டாம். நானே போய் வாங்கிட்டு வரேன். நம்பர் குடு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

போனை எடுத்தது கனமான, நிதானமான குரல். தெற்கத்திப் பேச்சு. பெயரைச் சொன்னதும், "காலையில பாக்கிற மேடமா? உங்க குரலை இப்பதான் கேக்கேன். எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்? சரி, வாங்க," என்றார்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கினேன். காலையில்தான் மழை விட்டிருந்தது. ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னதும், "அந்தத் தெருவா? தண்ணி கீதும்மா. முனையில வுட்டுர்றேன், நடந்துக்கினு போய்டு," என்றார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்காலளவு தண்ணீரில், சுவரைப் பிடித்தபடி போனேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தேன். அத்தனை மாதம் தினமும் பேசியிருந்த ஒரு மனிதரிடம் சொல்ல முதல் வார்த்தை கிடைக்கவில்லை.

தரைத்தள வீடு. அவருடைய மனைவி கதவைத் திறந்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை. என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது எனக்குக் கொஞ்சம் இடது பக்கமாக இருந்த அலமாரியை. நான் சத்தம் கொடுத்ததும் கைகளைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் சேர்ந்து, கணக்குப் பிரிவு வரைக்கும் வந்தவராம். சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை. விழித்திரையிலும் கோளாறு இருந்ததால், சர்க்கரை இறங்கிய பிறகுதான் கை வைக்க முடியும் என்று டாக்டர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மேஜையில் ஒரு பெரிய திரை இருந்தது. அதிலிருந்து ஒயர்கள் சுவரோடு ஆணியடித்து மேலே போயின. நிமிர்ந்து பார்த்தால், லாஃப்டில் அண்டா குண்டாக்களுக்கு நடுவில் கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"அங்கயா வச்சிருக்கீங்க?"

"என்ன செய்ய? ஒரு வெள்ளத்துல இடுப்பு மட்டும் தண்ணி வந்துட்டு. பெட்டி முங்கிப்போச்சு. வெயில்ல காயப் போட்டு, ஒவ்வொரு பாகமா தொடச்சு, பாதியை மாத்தி, திரும்ப ஓட வச்சேன். அதுலேருந்து மேலதான்."

"எங்க சாரும் மிஷின் எல்லாம் மேல இருக்குன்னுதான் சொன்னார்," என்றேன்.

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறொருவரோடு சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. தொண்டை வலித்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார். "ஆனா மேடம், இந்த மேலுக்கு ஸ்டூல் போட்டா கை எட்டும். அந்த மேலுக்கு எட்டுமா? அன்னைக்கு ரெண்டு மணிக்கு உக்காந்து பாஸ்வேர்டு போடுதேன், தப்புங்குது. திரும்பப் போடுதேன், தப்புங்குது. சரி, நமக்குத்தான் கண்ணு தெரியலன்னு இவளைக் கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தா சொல்லி அடிக்கச் சொன்னேன். அப்பவும் தப்பு. சாயங்காலந்தான் போன் வந்துச்சு, நிறுத்திட்டோம்னு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டே கெடந்தோம்."

அவருடைய மனைவி காபியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"கண்ணு விஷயத்தை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொன்னா மறுநாளே வேண்டாம்பாங்க. யாருக்கும் தெரியாமத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். அந்த மிஷினுக்கு மட்டுந்தான் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோல. "மொதல்ல தினமும் எழுத்து சின்னதாகிடும் மேடம். பெருசாக்கவே அரை மணி நேரம் போகும். அழுகை வந்துடும். அப்புறம் ஒரு நாள்லேருந்து நான் விட்ட மாதிரியே நிக்குது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. சிஸ்டமே நம்மளைப் புரிஞ்சுக்கிட்டு போலன்னு இவகிட்ட சொன்னேன். இப்பல்லாம் அதுகளுக்கு மூளை உண்டுல்லா?"

காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது நான்தான் என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதற்குள் அவர் மேலே பேசிவிட்டார்.

"தப்பும் கிடையாது மேடம். அவ்வளவு கண்ணுக் கோளாறோட, அத்தனை மாசத்துல ஒரு எண்ணு தப்புன்னு யாரும் போன் பண்ணினது கிடையாது. கடைசி வாரந்தான் என்னமோ ஆகிப்போச்சு. நீங்க பாத்திருப்பியளே, உங்களுக்குத் தெரியுமே?"

அவர் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவருடைய மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

"ஆமா," என்றேன். "சுத்தமா இருக்கும் உங்க வேலை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பில் கட்டுகளை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் ரப்பர் பேண்டு போட்டு, கடைவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். வாசலில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்," என்றார். கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். கீழே சதுப்பு நிலமும், தண்ணீர் தேங்கின காலி மனைகளும், மாடிகளில் நனைந்து தொங்கிய துணிகளும் போயின. எனக்கு வருத்தமா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. நான் அத்தனை மாதம் ஒருவரோடு இருந்தேன். அவர் ஒரு மிஷினோடு இருந்தார். இரண்டு பேரும் இருந்தது ஒரே இடத்தில்தான்.

அடுத்த வாரம் பையன் போன் செய்து, ஒரு நல்ல செய்தி என்றான். மத்தியான வேலையை வேறு ஆளுக்கு, வேறு டெஸ்க்டாப்பில் கொடுத்துவிட்டானாம். "இனிமே இது உங்களுக்கு மட்டும்தான் மேடம். பழசெல்லாம் அழிச்சு க்ளீன் பண்ணிட்டேன். புதுசு மாதிரி இருக்கும்."

திறந்தேன். நீல நிறப் பின்னணி, சின்ன எழுத்து, மெல்லிய வெள்ளை அம்பு. ஒரு சொந்த மிஷின் என்றால் யாராவது உட்கார்ந்துவிட்டுப் போனதற்கு ஏதாவது மிஞ்சும். சாவிகளில் எழுத்து தேய்ந்திருக்கும், மவுஸ் வைக்கிற இடம் வழவழப்பாகியிருக்கும், இடுக்கில் முறுக்குத் துணுக்கு கிடக்கும். இங்கே கழுவ வேண்டிய எச்சில் டம்ளர்கூட இல்லை. ஒரு மனிதர் தன் பார்வை மங்கிக்கொண்டே போன மாதங்களைச் செலவழித்த இடம், அவன் ஒரு பட்டனை அழுத்தினதும் போய்விட்டது. எல்லாம் சின்னதாக, கூர்மையாக, படிக்க வசதியாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

மத்தியானங்களில் நடக்கப் போக ஆரம்பித்தேன். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி வருவேன். சில நாள் பஸ் பிடித்துத் தி. நகர் போய், ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். பழைய ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது தையல் யூனிட் ஒன்று இருக்கிறது. கீழே நின்றால் மிஷின்களின் சத்தம் கேட்கும்.

தை மாதத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். "எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கு மேடம்! பேப்பர்ல பொடி எழுத்துகூடப் படிக்கேன். வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு பாக்கேன், நம்ம பெட்டியிலயே. யாரும் பாஸ்வேர்டு மாத்த முடியாது." சிரித்தார். "அன்னைக்கு வந்திய, உங்க முகத்தைச் சரியாவே பாக்கல. ஒரு நாள் வாங்க."

"கண்டிப்பா வரேன்," என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஆனால் போகவில்லை. போனால் பேச்சு அந்த மாதங்களுக்குத்தான் போகும். அவர் அந்த மிஷினைப் பற்றிச் சொல்லுவார். நான் மறுபடி தலையாட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பாண்டி பஜாரில் அவரைப் பார்த்தேன். ஒரு பாத்திரக்கடை வாசலில், நடைபாதையில், இரண்டு கையிலும் பைகளோடு நின்றிருந்தார். மனைவி உள்ளே ஏதோ பேரம் பேசிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. புது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அதே மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. நான் நேராக அவர் முன்னால் போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாக, முழுமையாகப் பார்த்தார். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோமோ என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

நான் வாய் திறந்திருந்தால் குரலை வைத்துத் தெரிந்துகொண்டிருப்பார். திறக்கவில்லை. இரண்டடி தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றேன். அப்போதுதான் கேட்டது. அவர் எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக, உதடு அசையும் அளவுக்குத் தணிந்த குரலில் படித்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்துப் பெயர்களை முடித்துவிட்டு அதன் கீழே உள்ள சின்ன எழுத்துக்குப் போனார். பருத்திப் புடவைகள். மொத்தம் மற்றும் சில்லறை. கிளைகள் கிடையாது. ஞாயிறு விடுமுறை.

ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. அந்த வரிசை முடியும்வரை நின்று கேட்டேன். பிறகு அவருடைய மனைவி பில்லை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்புவது தெரிந்தது. நான் கூட்டத்துக்குள் இறங்கி, பனகல் பார்க் பக்கமாக நடந்தேன்.